பந்த் நாளில் காய்ந்த கழுதைகள்

வெயிலை நம்பிச் செய்கிற தொழில் எங்களுடையது. வெயில் இதுவரை ஒருநாளும் பந்த் அறிவித்ததில்லை, மற்ற எல்லோரும் அறிவித்திருக்கிறார்கள்.

புதுச்சேரி உப்பளத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில், காகிதக் கூழில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்கிறோம். நாங்கள் என்றால் பதினான்கு பெண்கள். அவர்களிடம் வேலை வாங்கும் பொறுப்பு என் தலையில். வேலை வாங்குவது என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் நாள் முழுக்கக் கெஞ்சுவதும் கத்துவதும்தான். உங்களில் யாராவது ஆர்டர் பிடித்து, தேதி ஒப்புக்கொண்டு, பிறகு அந்தத் தேதியைப் பார்த்துப் பயந்து வாழ்கிறவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே சாதி.

காரணம் எழுதும் கட்டம்

எங்கள் பொம்மைகளை வாங்குவது பிரான்சில் இருக்கும் மதாம் க்ளேர். அவர் நடத்துவது நியாய வணிகக் கடைகள். செய்கிறவருக்கு நியாயமான கூலி, யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் செய்தவர் பெயரை அவரே கையால் எழுத வேண்டும், இவையெல்லாம் அங்கே சட்டம். நல்ல சட்டம்தான். அதில் ஒன்று, சரக்கு தாமதமானால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒரு வருடம் மூன்று பந்தும் ஒரு மழையும் சேர்ந்து எங்களைத் தாமதமாக்கிவிட்டன. படிவத்தில் காரணத்துக்கு நாலு கட்டம் இருந்தது: வெள்ளம், தீ, நோய், மற்றவை. 'மற்றவை'க்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் புதுச்சேரி அரசியலை அடக்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரரை ஊரே முசே என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மாடியில் தனியாக இருக்கிறார், மதாமின் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் அவர்தான். "ஊர் மூடியிருந்தது" என்று எழுதினோம். "உங்கள் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களா? அவர்கள் கோரிக்கை என்ன?" என்று மதாம் கேட்டார். இல்லை, அவர்கள் வேலைக்கு வரத் தயார் என்றோம். "அப்படியானால் ஏன் மூடினீர்கள்?" என்றார். கடைசியாக ஒரு வரி வந்தது. இனி ஒருமுறை உங்களால் தாமதமானால் இந்த ஆர்டரை வேறு நாட்டில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஆர்டர்தான் எங்களுக்கு அரை வருட வேலை. அது போனால் ஷட்டரை நாங்களே இறக்கிவிடலாம், எந்தக் கட்சியும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

நான் முசேவைப் பிடித்துக்கொண்டேன். பந்த் என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குப் புரியும்படி எழுதுங்கள் என்றேன். முசே கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஸ்டெல்லா, அங்க தொழிலாளி முதலாளிய எதிர்த்து அவன் வேலைய நிறுத்துவான். இங்க ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சிக்காரன எதிர்த்து உன் வேலைய நிறுத்துவான். இத எந்த பிரெஞ்சுல எழுதறது?"

வெளியே தொங்கிய பூட்டு

அடுத்த வருட ஆர்டர் முந்நூறு குடில். ஒரு குடிலுக்குப் பதினோரு உருவம்: குழந்தை இயேசு, மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இரண்டு இடையர்கள், ஒரு மாடு, ஒரு கழுதை, ஒரு ஆடு. செப்டம்பர் முதல் வாரத்தில் சென்னைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். தாமதம் என்ற சொல்லே எழக் கூடாது என்று ஜூன் மாதமே பதினான்கு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரமே பந்த்.

பந்த் நாளுக்கென்று எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஷட்டரை முழுக்க இறக்கி, வெளியே ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டுவிடுவோம். பார்ப்பவர்களுக்குக் கடையடைப்பு. உள்ளே போக முசேயின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பின்வாசல் இருக்கிறது. பஸ் ஓடாது என்பதால் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் பெண்கள் விடியும்போதே பாலம் கடந்து நடந்து வந்துவிட்டார்கள். வரச்சொல்லி நான் கேட்கவில்லை, சத்தியமாக. வெயில் நன்றாக அடிக்கும் நாளை வீணாக்க அவர்களுக்கே மனமில்லை. பந்த் நாளில் மொட்டைமாடியில் பொம்மை காய்வது எந்தக் கட்சிக்கும் தெரியாது.

அன்றைக்கென்று பார்த்து நியாய வணிக ஆய்வுக்கு ஒரு அம்மா சென்னையிலிருந்து வந்தார். சொல்லாமல் வருவதுதான் அவர்கள் வழக்கம். பஸ் ஊர் எல்லையில் கோரிமேட்டோடு நின்றுவிட, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கிருந்து உப்பளம் வரை நடந்தே வந்திருக்கிறார். வந்து பார்த்தால் ஷட்டருக்கு வெளியே பூட்டு. உள்ளே பெண்கள் பேசும் சத்தம். அவர் வேலையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நான் அந்த நேரம் பார்த்து மாடியில் ஆடுகளைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே எட்டிப் பார்த்தபோது அவர் ஷட்டருக்கு முன் குந்தி, குனிந்து, இடுக்கு வழியாக விசாரணையே நடத்திக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க, உங்கள உள்ள வச்சி யாரு பூட்னது?" படியில் இறங்கி ஓடினேன்.

எனக்கு முன்னால் பதில் போய்விட்டது. நோணாங்குப்பத்துச் செல்வி, எங்கள் கூட்டத்திலேயே கை வேகமும் வாய் வேகமும் அதிகமுள்ளவள், உள்ளேயிருந்து நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கள யாரும் பூட்டலம்மா. ஊர வெளிய வச்சி நாங்கதான் பூட்டிக்கினோம். பின்பக்கமா வாங்க, டீ இருக்குது."

தலைவரின் புன்னகை

ஆய்வில் தேறிவிட்டோம். அந்த அம்மா பின்வாசலை நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த மகிழ்ச்சியில் இரண்டு மாதம் ஓடியது. ஆகஸ்டில் ஆளுங்கட்சி ஒரு நாள், எதிர்க்கட்சி ஒரு நாள், அதைக் கண்டித்து இன்னொரு நாள் என்று ஒரே வாரத்தில் மூன்று நாள் ஊர் மூடியது.

எங்கள் மாடு, கழுதை, ஆடு மூன்றும் படுத்திருக்கும். உள்ளே வெற்றுக் கூடு. அடிப்பக்கத்தைப் பழுப்புத் தாள் ஒட்டி மூடி, அதன்மேல் செய்தவர் பெயரை எழுதி, வார்னிஷ் அடிப்போம். பழுப்புத் தாள் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில்தான் வாங்குவோம். அந்த வாரம் கடை திறக்கவில்லை. ஆனால் ஊரில் காகிதத்துக்குப் பஞ்சமா? மறியலுக்கு வந்தவர்கள் ஒட்டாமல் விட்டுப்போன போஸ்டர் கட்டு ஒன்று தெருமுனையில் மழை வந்தால் நனையக் கிடந்தது. செல்வி தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் கட்சித் தலைவர், மறுபக்கம் சுத்தமான வெள்ளை. வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினோம். பெயர் எழுதினோம். பழுப்பைவிட அழகாகவே இருந்தது, நானும் பாராட்டினேன். நாற்பது மாடு, நாற்பது கழுதை, நாற்பது ஆடு. பிறகு வார்னிஷ் அடித்தோம். போஸ்டர் தாள் எவ்வளவு மெல்லியது என்பதை எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. மெல்லிய தாளில் வார்னிஷ் இறங்கினால் எண்ணெய் பட்ட பலகாரத் தாள் மாதிரி மறுபக்கம் தெரியும். இருபது வருடமாக வார்னிஷ் அடிக்கிறவள் நான். எனக்கு இது தெரியாதா? தெரியும். அவசரம் தெரிந்ததையெல்லாம் மறக்கடித்துவிடும்.

காய்ந்த கழுதைகளை மேஜையில் வரிசையாக வைத்திருந்தோம். அப்போது அந்தப் போஸ்டர் கட்சியின் தொகுதிச் செயலாளர் இரண்டு பேரோடு உள்ளே வந்தார். மறுவாரமும் கடையடைப்பு, ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்தார். பேசிக்கொண்டே ஒரு கழுதையைக் கையில் எடுத்தார். நன்றாயிருக்கிறதே என்று திருப்பினார். அடியில், 'செல்வி' என்ற கையெழுத்துக்குப் பின்னாலிருந்து, அவருடைய தலைவர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் இன்னொரு கழுதையைத் திருப்பினார். அதிலும் சிரிப்பு. பின்னால் நின்ற இருவரும் முன்னால் வந்தார்கள். ஒரு அளவுக்கு மேல் பயந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். "உங்க பந்துல பேப்பர் கடை மூனு நாளா மூடிக் கெடக்குது சார். ஊர்ல கெடச்ச ஒரே பேப்பர் உங்க போஸ்டர்தான். கட பூட்டணும்னு சொன்னீங்க, பூட்டனோம். எங்க வேலையும் நடக்கணும் இல்ல?" என்றேன்.

செயலாளர் கழுதையைப் பார்த்தார். மேஜையில் இருந்த மற்ற உருவங்களையும் பார்த்தார். பிறகு, கட்சிக் கூட்டத்தில் தீர்மானம் படிப்பதுபோல் சொன்னார்.

"கழுத வேணாம். கழுதையில இருக்கறத எடுத்துடுங்க. மாட்டுல இருந்துட்டுப் போவட்டும்."

பூசைக்குப் பிறகு

அவர் அனுமதித்தாலும் மாட்டில் வைத்திருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நூற்றிருபது உருவத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷைக் கிளப்பி, மேலே பழுப்புத் தாள் ஒட்டி, மறுபடி பெயர் எழுதிக் காயவைக்க வேண்டும். கப்பல் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. அதில் ஒரு நாள் பந்த், ஒரு நாள் ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதம் எழுதித் தர வேண்டும், யாரையும் வற்புறுத்தக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுகூட வற்புறுத்தல்தான் என்று அந்த ஆய்வு அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் முகம் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும், என்ன செய்வது? அதனால் தாளை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். இந்த ஆர்டர் போனால் இவர்கள் எல்லோரும் எங்கே போவார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். திரும்பி வந்தபோது பதிமூன்று கையெழுத்து இருந்தது. இல்லாதது லூர்துமேரியின் கையெழுத்து. ஒருநாளும் ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை அவள். நான் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளே பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலையில ஏழு மணி வரைக்கும் கையெழுத்து போட மாட்டேன்க்கா. பூசைல கழுதைக்கும் சேத்து வேண்டிக்கினு வந்து போடறேன்."

நெல்லித்தோப்பு சிக்னல்

சொன்ன நாளில் முந்நூறு குடிலும் பெட்டிக்குள் போய்விட்டது. அதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. காலை பத்து மணிக்கு டெம்போவில் ஏற்றி, முன்சீட்டில் நானும் உட்கார்ந்து சென்னைக்குக் கிளம்பினேன். இருட்டுவதற்குள் ஏஜெண்ட் கிடங்கில் இறக்க வேண்டும். பந்த் இல்லை, மழை இல்லை. சிலுவை போட்டுக்கொண்டேன்.

நெல்லித்தோப்பு சிக்னலில் வண்டி நின்றது. ரேஷன் அரிசி வரவில்லை என்று சுற்று ஊர்ப் பெண்களின் சாலை மறியல். எந்தக் கட்சிக் கொடியும் இல்லை, நூறு பேர் குடங்களோடும் காலிப் பைகளோடும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையின் நடுவில், அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போன எங்கள் செல்வி.

இறங்கிப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள், டெம்போவைப் பார்த்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. "செல்வி, நம்ம வண்டிடீ" என்றேன். "தெரியுதுக்கா. அதிகாரி வந்து பேசற வரைக்கும் எழுந்திருக்கறதில்லன்னு எல்லாரும் சத்தியம் பண்ணியிருக்கறோம்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று மாதமாக யார் யாரையோ திட்டினேன், கடைசியில் என் வண்டியை மறித்தவள் என்னிடம் வேலை செய்கிறவள். திட்ட வாயெடுத்தேன். அவள் மடியில் இருந்த காலிப் பையைப் பார்த்தேன். அதே ரேஷன் அரிசிக்கு என் அட்டையும் காத்திருக்கிறது, என் பையும் காலிதான். நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். டெம்போக்காரர் தலையில் அடித்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது.

ஒரு மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார். நாலு நாளில் அரிசி வரும் என்பதை ஒரு முன்னுரையோடு ஆரம்பித்தார். அரசின் கொள்கை, மத்தியின் நிலைப்பாடு என்று போய்க்கொண்டிருந்தது. செல்வி எழுந்து நின்றாள்.

"சார், தேதிய சொல்லுங்க, எழுதிக் குடுங்க, சீக்கிரம். எங்க கழுத முந்நூறு வெயில்ல நிக்குது, கப்பலுக்கு நேரமாவுது."

மதாம் சேர்த்த கட்டம்

எழுதிக் கொடுத்தார். நூறு பெண்களும் எழுந்து முதலில் எங்கள் டெம்போவுக்குத்தான் வழிவிட்டார்கள். கிடங்கில் கதவு சாத்தும் நேரத்துக்குப் போய் இறக்கினோம். அன்றிரவு நான் தூங்கிய தூக்கத்தை அதற்குப் பிறகு தூங்கவில்லை.

நவம்பரில் முசே படியில் வேகமாக இறங்கி வந்தார். அந்த வயதில் அவர் வேகமாக இறங்கினால் ஏதோ விபரீதம். கப்பல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அங்கே துறைமுகத்தில் வேலைநிறுத்தம், பெட்டிகளை இறக்க ஆளில்லை, எப்போது கிடைக்கும் என்று தெரியாது என்று மதாம் எழுதியிருந்தார். பதினான்கு பேரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. இங்கே இத்தனையையும் தாண்டி அனுப்பியது அங்கே கடலோரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இது யார் தாமதம்? யார் பெயரில் எழுதுவார்கள்? நாலு வாரம் அந்தக் கேள்வியோடு அடுத்த வேலையைப் பார்த்தோம். எலிக்குத்தான் திண்டாட்டம் என்பார்கள், பூனை எந்த ஊர்ப் பூனையாக இருந்தால் என்ன?

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால்தான் குடில்கள் கடைக்குப் போயின. ஜனவரியில் கனமான உறை ஒன்று வந்தது. முசே பிரித்தார். மேலே தாமதப் படிவம், புதிதாக அச்சிட்டது. காரணக் கட்டங்கள் இப்போது ஐந்து. நாலாவதாக, 'மற்றவை'க்கு முன்னால், 'வேலைநிறுத்தம் அல்லது கடையடைப்பு, எந்த நாட்டிலானாலும்' என்று இருந்தது. அந்தக் கட்டத்தில் மதாமே டிக் அடித்து, பொறுப்பு என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பியிருந்தார். அதன் கீழே புது வருட ஆர்டர், முந்நூற்றைம்பது குடில். முசே படித்து முடிக்கவில்லை, லூர்துமேரி சிலுவை போட்டுக்கொண்டாள், செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன், இந்தமுறை அடக்கவில்லை.

கடைசியில் ஒரு படம் இருந்தது. திருப்பிவைத்த ஒரு ஆடு. உப்புத்தாளுக்கும் பழுப்புத் தாளுக்கும் தப்பிப் பிரான்ஸ் வரைக்கும் போய்விட்ட ஒரே ஆடு. பெட்டி கட்டும்போது ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தது நான்தான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. படத்துக்குக் கீழே மதாம் எழுதியிருந்ததை முசே இரண்டுமுறை படித்துவிட்டு, குரலை மாற்றாமல் தமிழில் சொன்னார்.

"இந்த ஆட்டின் அடியில் ஒருவர் அன்போடு சிரிக்கிறார். வாங்கியவர் கேட்கிறார்: இவர் உங்கள் ஊர்ப் புனிதரா, எந்த நாளில் இவருக்குத் திருவிழா?"

அவருக்கு வருடத்தில் எத்தனை நாள் ஊரையே மூடித் திருவிழா எடுத்தாலும் சரி, வெயில் இருக்கிற நாளில் எங்கள் மாடியில் கழுதை காயும்.